கிளாம்பின் மேல் மஞ்சள் கோடு

சம்பந்தி வீட்டார் அன்றைக்குக் கல்யாணத் தேதி குறிக்க வந்தார்கள். வந்து சேர்ந்த விதம்தான் சரியில்லை. அவர்களுடைய காரை ஒரு சரக்கு வேன் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் விட்டுவிட்டுப் போனது.

மாடியில் எங்கள் வீடு. கூடத்தில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, புது விரிப்பு விரித்து, என் தம்பி மனைவி காலையிலிருந்து ஓடியாடிக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏற வேண்டியவர்கள் கீழே, ஆயில் கறை படிந்த சிமெண்டுத் தரையிலேயே நின்றுவிட்டார்கள்.

"மேம்பாலத்துல ஏறும்போது ரெண்டு விக்கல் விக்குச்சு, அப்படியே அணைஞ்சுபோச்சு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். "பின்னால லாரி. அவன் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதுலயே இருக்கு."

"லாரிக்காரன் நல்லவன். அதனால எங்க அக்கா இங்க நிக்கிறா" என்றார், வண்டி நின்ற செய்தி கேட்டுக் கடையிலிருந்து நேரே வந்து சேர்ந்த அவருடைய தம்பி. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், அக்கா வீட்டோடு இருப்பவர். கடைத்தெருவில் பெரிய உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் அவர் ஸ்பேர்ஸ் மாமா. நகரத்துப் பட்டறைகளில் பாதிக்குச் சாமான் போவது அவர் கடையிலிருந்துதான். அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால், பொழுது சாய்வதற்குள் அது எல்லாப் பட்டறைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தச் சொல்லை அவர் தாமதிக்காமல், என் தம்பியைப் பார்த்தே போட்டார்.

"நல்ல சென்சாரைக் கழட்டி வச்சுக்கிட்டு டூப்ளிகேட்டை மாட்டி அனுப்பினா, வண்டி வேற என்னங்க பண்ணும்?"

ஒர்க்‌ஷாப்பில் அப்போது டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. என் தம்பி போய் அதை நிறுத்தினான். நிறுத்தியிருக்க வேண்டாம். அந்தச் சத்தம் போனதும் மாமா சொன்னது இன்னும் பெரிதாகக் கேட்டது.

போன மாதம் இதே வண்டியில் எஞ்சின் விளக்கு எரிகிறது என்று கொண்டுவந்திருந்தார்கள். ஏர்ஃப்ளோ சென்சார் போயிருந்தது. எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து சொல்லும் சின்னக் கருவி அது. ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். அது சொல்லும் கணக்கை நம்பித்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும். கணக்குக் குறைந்தால் பெட்ரோலும் குறையும். ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு முட்டும். கோளாறைக் கண்டுபிடித்ததும் புதுசு போட்டதும் என் தம்பி மகள். எங்களுக்கு அவள் பாப்பா. இருபத்தேழு வயதாகிறது, பொறியியல் படித்திருக்கிறாள், வண்டிக் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் வேலை முழுக்க அவள் பொறுப்பு, இருந்தாலும் பாப்பாதான். புது சென்சாரைக் கம்பெனிக் கவுண்டரில் வாங்கினோம். ஸ்பேர்ஸ் மாமா தன் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். எங்கள் பட்டறையில் அந்த வழக்கம் இல்லை என்று நான்தான் போனில் சொன்னேன். சொன்ன விதம் கொஞ்சம் விறைப்பாக இருந்திருக்கலாம். சொன்ன விஷயத்தில் மாற்றமில்லை.

அந்த விறைப்புக்குத்தான் இப்போது பதில் வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? வரப்போகும் மருமகளை, அவள் உள்ளே காலெடுத்து வைக்கும் முன்பே, சாமான் மாற்றுகிற வீட்டுப் பெண் என்று சொல்லிவிட்டார் அந்த வீட்டுப் பெரிய மனிதர். அது இன்றைக்கு இங்கேயே துடைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அவள் அங்கே வாழும் காலம் முழுக்க, ஒரு டம்ளர் கைதவறி விழுந்தால்கூட அந்தப் பேச்சு எழும்.

"பானெட்டைத் திற" என்றேன். "எல்லாரும் இங்கேயே இருங்க. உங்க கண் முன்னாடியே பாக்கட்டும்."

"அண்ணே, முதல்ல மாடிக்குப் போய் ஒரு காபி..." என்று தம்பி இழுத்தான்.

"காபி ஆறாது. ஃபிளாஸ்க்லதான் இருக்கு."

பாப்பா படியிறங்கி வந்தாள். தேதி குறிக்க வருகிறார்கள் என்று பச்சைப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மேலேயே எல்லாம் கேட்டிருக்கும். சுவரில் தொங்கிய காக்கிக் கோட்டை எடுத்துப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

மாப்பிள்ளை பல் டாக்டர். நெடுநெடுவென்று வளர்ந்தவர், மெல்லப் பேசுகிறவர். அன்றைக்கு அந்த மெல்லிய பேச்சும் இல்லை. காருக்கும் அவருடைய மாமாவுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் சேராமல் நின்றார். நாகரிகமான பிள்ளை, பெரியவர்கள் பேச்சில் தலையிடாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாப்பா ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினாள். ஸ்பேர்ஸ் மாமா அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். திரையில் இரண்டு வரிகள் வந்தன.

"படிங்க, படிங்க. எல்லாரும் கேக்கட்டும்" என்றார். அவரே படித்தார். "ஏர்ஃப்ளோ சென்சார், அளவு தப்பு. இனிமே என்ன வேணும்? மெஷினே சொல்லிடுச்சு!"

"ரெண்டாவது வரியையும் படிங்க மாமா."

"அது என்னமோ கலவைன்னு..."

"கலவையில பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி." அவள் குரல் உயரவில்லை. "இது புகார் குடுக்கிற மெஷின். தீர்ப்பு சொல்ற மெஷின் இல்ல."

தம்பி சிரிக்கப் பார்த்தான். யாரும் சேர்ந்துகொள்ளாததால் இருமலாக மாற்றிக்கொண்டான்.

வண்டியை ஸ்டார்ட் செய்தாள். நின்ற இடத்தில் எஞ்சின் பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஒழுங்காகவே ஓடியது. சென்சாரின் வயரை அசைத்தாள், எண்கள் ஆடவில்லை. பிளக்கை உருவி மீட்டரை வைத்துப் பார்த்தாள். மின்சாரம் சரியாக வந்தது. மறுபடி மாட்டினாள். ஒவ்வொன்றாக எல்லாம் நன்றாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் கடைசியில் மிஞ்சுவது சென்சார் ஒன்றுதானே.

"இப்ப லோடு குடுத்துப் பாக்கணும். மாமா, முன்னாடி நிக்காதீங்க. தள்ளிக்குங்க."

"ஏன், ஏத்திடுவியா?"

"வண்டி ஏத்தும். நான் ஏத்த மாட்டேன்."

அவர் தள்ளிக்கொண்டார். ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்ச் கிடையாது. பாப்பா ஒரு காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியரில் போட்டு, மற்றக் காலால் ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் கொடுத்தாள். எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. உடனே விக்கல் ஆரம்பித்தது. வண்டி மொத்தமும் குலுங்கி, முன் சக்கரத்தில் போட்டிருந்த கட்டையை இடித்து, பொத்தென்று அணைந்தது. மாப்பிள்ளையின் அம்மா "ஐயோ" என்று இரண்டடி பின்வாங்கினார்.

ஸ்பேர்ஸ் மாமா கையிலிருந்த பையைத் திறந்து ஒரு புது அட்டைப்பெட்டியை எடுத்தார். தயாராகத்தான் வந்திருக்கிறார்.

"இந்தா. எங்க கடை சென்சார். ஒரிஜினல். உன் சென்சாரைக் கழட்டிட்டு இதை மாட்டு. வண்டி சரியா ஓடலேன்னா நான் இங்கேயே மன்னிப்புக் கேக்கறேன். ஓடிச்சுன்னா..." என்னைப் பார்த்தார். "நான் என்ன சொல்ல, பெரியவருக்குத் தெரியாததா?"

நியாயமான பேச்சு மாதிரிதான் இருந்தது. தம்பிக்கு முகம் தெளிந்தது. "மாட்டிப் பாரும்மா. ஒரேடியா தெரிஞ்சுபோயிடும்."

பாப்பா பெட்டியை வாங்கவில்லை. பானெட்டுக்குள் குனிந்திருந்தாள். ஹோஸைச் சென்சாரோடு சேர்த்து இறுக்கும் இரும்புப் பட்டை, அந்தக் கிளாம்பின் மேல் அவள் கட்டைவிரல் நின்றது. வேறு எங்கும் நகரவில்லை.

"பெரியப்பா, டார்ச் பிடிங்க."

பிடித்தேன். வெளிச்சம் விழுந்ததும் நானும் பார்த்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கிளாம்பை முறுக்கினாலும், எந்த ஸ்க்ரூவை இறுக்கினாலும், முடித்த கையோடு மஞ்சள் பெயின்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடுவோம். ஸ்க்ரூவின் தலையில் தொடங்கி, பட்டையைக் கடந்து, ஹோஸின் மேல் முடியும். நான், தம்பி, பாப்பா, மூன்று பேர் மட்டும்தான் போடலாம். வேலையாட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் கோடு விழும். கோடு விழுந்தால் அந்த வேலைக்கு எங்கள் வீடு பொறுப்பு. பிறகு யாராவது அந்த ஸ்க்ரூவைத் திருப்பினால் கோடு உடைந்துவிடும். என்னதான் முயன்றாலும் பழையபடி நேராகச் சேராது.

கிளாம்பின் மேல் கோடு உடைந்திருந்தது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்.

வாயைத் திறந்தேன். பாப்பா டார்ச் பிடித்திருந்த என் கையை லேசாக அழுத்தினாள்.

"இப்ப பேசாதீங்க" என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி. "அவர் சென்சாரை மாட்டணும்னா இந்த ஹோஸை நான் கழட்டணும். திருப்பி மாட்டும்போது ஒழுங்கா உக்காந்துடும். வண்டி ஓடிடும். ஓடினா அவர் சொன்னதுதான் உண்மையாயிடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோளாறு சென்சாரில் இல்லை, அதை மாட்டியிருக்கும் விதத்தில் இருக்கிறது. அந்தப் புது அட்டைப்பெட்டியைத் திறந்த நிமிஷமே சாட்சி அழிந்துவிடும். பழையது டூப்ளிகேட், புதுசு மாட்டியதும் வண்டி ஓடியது என்று ஊர் முழுக்கச் சொல்லலாம். சொல்கிறவரும் பொய் சொல்வதாக நினைக்க மாட்டார்.

"என்ன, அப்பா மகளுக்குள்ள ரகசியம்?" என்றார் ஸ்பேர்ஸ் மாமா.

"பெரியப்பா" என்று திருத்தினேன். "ரகசியம் இல்லை. உங்க சென்சார் வேண்டாம்."

"பாத்தீங்களாக்கா? பயம்!"

"அண்ணே, மாட்டித்தான் பாக்கட்டுமே" என்று தம்பி என் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கெஞ்சினான். "மேல தட்டெல்லாம் எடுத்து வச்சாச்சு. ஒரு பெட்டிக்காக இவ்வளவு தூரம்..."

"கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்காம எந்தச் சாமானையும் கழட்டறதில்லை. நீயும் அப்படித்தானேடா வேலை கத்துக்கிட்ட?"

அவன் கண் படிக்கட்டில் இருந்தது. அங்கே அவன் மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கீழே வரவும் இல்லை, மேலே போகவும் இல்லை.

பாப்பா மறுபடி எஞ்சினை ஓடவிட்டாள். அது பூனை மாதிரி உறுமியது. அவள் கையை ஹோஸுக்கு அடியில் கொடுத்து, எஞ்சின் சாய்ந்தால் எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கமாக மெதுவாகத் தூக்கினாள். உஸ்ஸென்று காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டது. எஞ்சின் திணறியது. கையை எடுத்தாள், பழையபடி ஓடியது. மறுபடி தூக்கினாள், இந்தத் தடவை அணைந்தே போனது.

"இப்ப சென்சாரை நான் தொடவே இல்லை" என்றாள் மாமாவைப் பார்த்து. "ஹோஸை மட்டும்தான் தூக்கினேன். சென்சாருக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு. அது வழியா கணக்குல வராத காத்து உள்ள போகுது. வண்டி ஏத்தத்துல எஞ்சின் சாயும்போது ஓட்டை பெருசாகுது."

"ஓட்டையா? எங்க ஓட்டை? கண்ணுக்குத் தெரியலையே."

"அடியில. கண்ணாடி வேணும்." கருவிப் பெட்டியில் துழாவினாள். பிறகு நிமிர்ந்து, மாப்பிள்ளையிடம் முதல் தடவையாகப் பேசினாள். "டாக்டர், உங்ககிட்ட வாய்க்குள்ள பாக்கிற கண்ணாடி இருக்குமா?"

அவர் காருக்குள் இருந்த தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். நீண்ட காம்பில் சின்ன வட்டக் கண்ணாடி. அவள் அதை ஹோஸுக்கு அடியில் நுழைத்தாள். மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். ரப்பரின் விளிம்பு, அவசரமாகச் சட்டை போட்டவனின் காலர் மாதிரி உள்பக்கமாக மடங்கியிருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் விரல் நுழையும் இடைவெளி.

"சொத்தை" என்றாள் பாப்பா. மாப்பிள்ளையின் அம்மாகூட லேசாகச் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது.

"சரி, இனிமே கழட்டலாம். சென்சார் ஒரிஜினலா இல்லையான்னு மாமாவே பாக்கட்டும்." ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கிளாம்பை விட்டுவிட்டுச் சென்சாரின் ஓரத்து ஸ்க்ரூ மேல் வைத்து அழுத்தப் போனாள். கை முழுக்க பலம் கொடுத்திருந்தாள்.

"பாத்து, அது வழுக்கும்" என்றார் மாப்பிள்ளை. "தலை தேஞ்சிருக்கு. கையைக் கிழிச்சுடும்."

பாப்பாவின் கை அப்படியே நின்றது.

அந்த ஸ்க்ரூ ஃபில்டர் பெட்டியின் நிழலில், உள்ளடங்கி இருக்கிறது. டார்ச் பிடித்திருந்த எனக்கே அதன் தலை தெரியவில்லை. அதன் தலை தேய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகி, வழுக்கி, கை கிழிந்திருக்க வேண்டும். நான் டார்ச்சை மெல்லத் திருப்பினேன். காரை நோக்கி அல்ல. அவர் வலது கைச் சுட்டுவிரலில் ஒரு சின்னக் காயம், காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது.

என்னை அவர் பார்த்தார். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நாகரிகமான பிள்ளை என்று நான் நினைத்தது எதை என்று அப்போது தெரிந்தது.

ஸ்பேர்ஸ் மாமாவுக்கு இது எதுவும் எட்டவில்லை. பாப்பா உடைந்த கோட்டைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு, தேய்ந்த ஸ்க்ரூவை இடுக்கியால் திருகி எடுத்து, சென்சாரைக் கழற்றிக் கொடுத்தாள். மாமா அதை வாங்கி, கவிழ்த்து, அடியில் பொறித்திருந்த எண்ணையும் முத்திரையையும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். வியாபாரத்தில் பழுத்த ஆள். சாமானைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு வராது.

"ஒரிஜினல்தான்" என்றார். சொல்லிவிட்டுச் சென்சாரைத் தன் அட்டைப்பெட்டியோடு சேர்த்து, முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் ஃபெண்டரின் மேல் வைத்தார். "சரி. சாமான்ல தப்பில்லை. ஆனா மாட்டினதுல தப்பு. ஹோஸை மடிச்சு மாட்டி அனுப்பியிருக்கீங்க. எங்க அக்கா லாரிக்கு அடியில போயிருப்பா. நான் பெருசு பண்ணல. உங்க வீட்டு ஆளுங்க தெரியாம பண்ணிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மேல போயி தேதியைக் குறிப்போம்."

திருட்டு என்ற பழி இப்போது கவனக்குறைவு என்ற பழியாக இறங்கியிருந்தது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மாடியில் நாற்காலிகள் நிரம்பும், ஃபிளாஸ்க் திறக்கும்.

"இது நாங்க மாட்டினது இல்லை" என்றேன். "நாங்க முறுக்கினதுக்கு அப்புறம் யாரோ திறந்திருக்காங்க." பாப்பா எடுத்த படத்தில் உடைந்த மஞ்சள் கோட்டைக் காட்டினேன். அதன் விவரத்தையும் சொன்னேன்.

"யாரோ திறந்தாங்களா? வண்டி எங்க வீட்டுக்குள்ளதான் நிக்குது. யார் திறப்பா? பேயா?"

"பேய் ஸ்க்ரூவைத் தேய்க்காது மாமா" என்றாள் பாப்பா. சொல்லும்போது மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக ஹோஸின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. அதோ நிற்கிறாரே உங்கள் மருமகன், அவர் விரலைப் பாருங்கள் என்று சொன்னால் போதும். எங்கள் வீட்டுப் பெயர் அந்த நொடியே சுத்தமாகிவிடும். ஆனால் அந்தப் பிள்ளையை நான் இழுத்து நிறுத்தினால், அவர் தானாக வந்து நிற்பாரா மாட்டாரா என்பது பாப்பாவுக்கு என்றைக்குமே தெரியாமல் போய்விடும். அவள் துடைத்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான். காத்திருந்தாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே தெருவில் யாரோ ஹாரன் அடித்து, வழி கிடைக்காமல் மறுபடி அடித்தார்கள்.

தம்பியால் தாங்க முடியவில்லை. "விடுங்க சம்பந்தி. எதுக்கு வளர்த்துக்கிட்டு? நாங்களே பண்ணினதா இருக்கட்டும். எங்க தப்புன்னே வச்சுக்குங்க." சொல்லிக்கொண்டே முன்னால் போனான். அவன் கைகள் இரண்டும் மேலே எழும்பின.

நான் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, முகத்தைச் சுளித்தான்.

"செய்யாத தப்புக்கு இந்த வீட்டுல யாரும் கை கூப்ப வேண்டாம்."

"அண்ணே, பொண்ணு வாழ்க்கை..."

"அதுக்காகத்தான் சொல்றேன்."

"இதுக்குப் பேரு என்ன தெரியுமா?" என்று ஸ்பேர்ஸ் மாமா ஆரம்பித்தார்.

"மாமா, நான்தான் கழட்டினேன்."

மெல்லிய குரல்தான். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தால் கேட்டிருக்காது. மாப்பிள்ளை பையிலிருந்து கையை எடுத்திருந்தார். அவர் பார்வை என் பிடியிலிருந்த தம்பியின் கையின் மேல் இருந்தது.

"என்னடா சொல்ற?"

"டெய்லி சாப்பிட உக்காந்தா டூப்ளிகேட், டூப்ளிகேட்டுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. அடியில இருக்கிற நம்பரைப் பாத்துட்டு உங்க வாயை மூடிடலாம்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை நீங்க கடைக்குப் போனப்ப கழட்டினேன். நம்பர் சரியாத்தான் இருந்துச்சு. திருப்பி மாட்டினேன். நல்லா மாட்டிட்டேன்னுதான் நினைச்சேன்."

"அப்புறம் என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பீங்க. கழட்டிப் பாத்தேன்னு சொல்லணும். அது இவங்க காதுக்குப் போகும்." பாப்பாவை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களைச் செக் பண்ணினேன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவருடைய அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினார். பாலத்தின் மேல் பின்னால் வந்த லாரியின் பிரேக் சத்தம் அவருக்கு மறுபடி கேட்டிருக்க வேண்டும்.

பாப்பா துணியைக் கீழே வைத்தாள்.

"செக் பண்ணினது பெரிய விஷயம் இல்லை. என் வண்டியா இருந்தா நானும் பாத்திருப்பேன். மாட்டத் தெரியாம மாட்டினதும் பெரிய விஷயம் இல்லை. நான் உங்க கிளினிக்ல வந்து பல்லு பிடுங்கினா இதைவிட மோசமாத்தான் இருக்கும்." அவள் குரல் அங்கே லேசாகப் பிசிறியது. சரிசெய்துகொண்டாள். "பானெட்டைத் திறந்ததுலேர்ந்து எங்க அப்பாவைத் திருடன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க. நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்க. நான் கண்ணாடி கேட்டேன், எடுத்துக் குடுத்தீங்க. அப்பகூட சொல்லலை."

அவர் தன் விரலின் பொருக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவன் நான், முடிவு என் வாயிலிருந்து வர வேண்டும். வாக்கியம் தயாராக இருந்தது. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் என் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். பாப்பா என் பக்கம் பார்க்கவே இல்லை. சென்சாரை எடுத்து அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். என் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை என்பது எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. பிறகு டார்ச்சைத் தூக்கிப் பிடித்தேன்.

தேய்ந்த ஸ்க்ரூவை ஒதுக்கிவிட்டுப் புதுசு மாட்டினாள். ஹோஸின் விளிம்பை விரலால் சுற்றிலும் தடவி, மடிப்பில்லாமல் உட்காரவைத்து, கிளாம்பை முறுக்கினாள். மாமாவின் அட்டைப்பெட்டி ஒட்டிய நாடா பிரியாமல் ஃபெண்டரின் மேல் அப்படியே இருந்தது.

ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்தி, கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டர் கொடுத்தாள். எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. விக்கல் இல்லை. இன்னும் கொடுத்தாள். வண்டி முழுக்கத் துடித்தது, ஆனால் விக்கவில்லை.

அணைத்துவிட்டு வந்து, கோட்டுப் பையிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்தாள். மாப்பிள்ளை டார்ச்சுக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பாப்பா பழைய கோட்டைத் துணியால் துடைத்து அழித்துவிட்டு, ஸ்க்ரூவின் தலையிலிருந்து ஹோஸ் வரை ஒரே இழுப்பில் புதுக்கோடு போட்டாள். ஊதிக் காயவைத்தாள்.

"வண்டி ரெடி அத்தை" என்றாள் மாப்பிள்ளையின் அம்மாவிடம். "பாலத்துல தைரியமா ஏறுங்க. தேதி இன்னிக்கு வேண்டாம். அது இன்னும் ரெடியாகலை."

"எப்ப ரெடியாகும்?" என்று கேட்டது மாப்பிள்ளை.

"எனக்குத் தெரியலை. நீங்க மாமா இல்லாம, அம்மா இல்லாம, தனியா வந்து எங்க அப்பாகிட்ட பேசுங்க. அதுக்கப்புறம் எனக்குத் தெரியுதா பாக்கறேன்."

ஸ்பேர்ஸ் மாமா என் அருகில் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூன்று முறை தொண்டையைச் செருமினார். "சாமான் விஷயத்துல நான் சொன்னது தப்பு" என்றார் கடைசியில், எங்கோ டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டு.

"தம்பிகிட்ட சொல்லுங்க. திருடன்னு சொன்னது அவனை."

அவர் சொன்னார். தம்பி, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று வழக்கம்போல் குழைந்தான். இந்த முறை அவனை நான் தடுக்கவில்லை.

வண்டியை மாப்பிள்ளைதான் ஓட்டினார். வாசலில் சரிவு ஏறித்தான் தெருவுக்குப் போக வேண்டும். விக்காமல் ஏறியது. அவருடைய அம்மா கார்க் கண்ணாடியை இறக்கி, படிக்கட்டில் நின்ற என் தம்பி மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். அது போய்வருகிறோம் என்பதா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதா என்று நாங்கள் இரவுச் சாப்பாட்டின்போது பேசிப் பேசிப் பார்த்தும் முடிவாகவில்லை.

பாப்பா காக்கிக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பச்சைப் பட்டின் கரையில் ஆயில் பட்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"நீங்க வேண்டாம்னு சொல்லப்போறீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் பெரியப்பா."

"சொல்லத்தான் நினைச்சேன்."

"இன்னும் நினைக்கிறீங்களா?"

"மேல போ. உங்கம்மா அங்கேயே நின்னுக்கிட்டிருக்கா."

அவள் போன பிறகு கருவிகளை எடுத்து வைத்தேன். பல் டாக்டரின் கண்ணாடி ஸ்பானர்களுக்கு நடுவில் கிடந்தது. அதில் கிரீஸ் அப்பியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தேன். பெட்டிக்குள் போட்டுப் பூட்டலாம் என்று தோன்றியது. அவர்கள் வீட்டுக்கே ஆள் மூலம் அனுப்பிவிடலாம் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. ஆபீஸ் அறை மேசையில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். வேண்டுமானால் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.